தகுதியற்றவர்களுக்கென்றே இடப்பட்ட பந்தி

எங்கள் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில், இயேசுவின் கடைசி இராவிருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கும் வேளையில் சிலர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அவர்கள் எல்லோருமே அவசர வேலை உள்ளவர்கள் அல்லர். இன்னும் சிலர் வெளியே போகாமல் கடைசி பெஞ்சிலேயே அமர்ந்து, வரிசை வரிசையாகப் பலிபீடத்தை நோக்கிச் செல்கிறவர்களுக்குக் காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டிருப்பார்கள். ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு இன்னும் அந்தத் தகுதி வரலை."

இந்தப் பதிலுக்குள் இருக்கும் பயபக்தியை மதிக்கிறேன். ஆனால் அதன் அடியில் இருக்கும் கணக்கு தவறானது என்று உறுதியாக நம்புகிறேன். முதலில் திருந்த வேண்டும், அதன்பிறகே சபைக்கு உரியவனாக முடியும் என்பது அந்தக் கணக்கு. சுவிசேஷத்தில் நாம் வாசிப்பதோ இதற்கு நேர்மாறான வரிசை. ஆயக்காரனாகிய மத்தேயு சுங்கத்துறையில் உட்கார்ந்திருக்கும்போதே அழைக்கப்படுகிறான். அடுத்து அவன் வீட்டில் இயேசு பந்தியிருக்கிறார். அவன் கணக்குகளைச் சரிசெய்துவிட்டானா என்று யாரும் விசாரித்ததாக எழுதப்படவில்லை. அந்தப் பந்தியைப் பார்த்து முறுமுறுத்தவர்களுக்குத்தான், "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை" என்ற பதில் கிடைத்தது. குறையுள்ள மனிதரைச் சபை சேர்த்துக்கொள்வதைப் பெரிய மனதோடு காட்டும் சலுகையாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தவிர வேறு யாரையும் கொண்டு கட்டப்படாத ஒரு சபைக்கு, சலுகை காட்டும் இடத்தில் நிற்க என்ன உரிமை இருக்கிறது?

கடைசி பெஞ்சில் இருப்பவர்களை அங்கேயே நிறுத்திவைக்கும் வசனம் பெரும்பாலும் ஒன்றுதான். கிரேக்க நகரமான கொரிந்தின் சபையாருக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) 11ஆம் அதிகாரத்தில், அபாத்திரமாய் (தகுதியற்ற விதமாய்) அப்பத்தைப் புசித்துப் பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவன் கர்த்தருடைய சரீரத்தையும் இரத்தத்தையும் குறித்துக் குற்றமுள்ளவனாயிருப்பான் என்று வரும் எச்சரிக்கை அது. சிறுவயதிலிருந்தே, திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புகளில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வாரத்தில் செய்த பாவங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து குவிந்துவிடுகின்றன. ஆனால் பவுல் எதைக் கண்டு அப்படி எழுதினார் என்பதை அதே அதிகாரத்தின் சில வசனங்களுக்கு முன்னே பார்க்கலாம். அக்காலத்தில் கர்த்தருடைய இராப்போஜனம் என்ற இந்தத் திருவிருந்து, வசதியுள்ள ஒருவருடைய வீட்டில் எல்லோரும் கூடி உண்ணும் உணவோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டு முடித்தார்கள். இல்லாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று எழுதும் பவுல், தேவனுடைய சபையை அசட்டைபண்ணி இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அபாத்திரம் என்று அவர் சொன்னது இதைத்தான். பக்கத்தில் இருந்தவனைப் பட்டினி போட்டுவிட்டு ஒரே அப்பத்தில் பங்குபெறுவதாகப் பாவனை செய்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை எழுதப்பட்டது. தன் பலவீனத்தை நினைத்துத் தலைகுனிந்து கடைசி பெஞ்சில் இருக்கிறவரை மிரட்டுவதற்காக அது எழுதப்படவில்லை.

அடுத்த வசனத்தையும் நின்று வாசிக்க வேண்டும். ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும் என்று சொல்லும் பவுல், சோதித்தறிந்தபின் விலகிப் போகும்படி சொல்லவில்லை. சோதித்தறிந்து, புசித்து, பானம்பண்ணும்படி சொல்கிறார். அந்தப் பகுதியை அவர் முடிக்கும் கட்டளையும், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான். பிந்தி வருகிறவனுக்காக முந்தி வந்தவன் காத்திருப்பதே அந்தப் பந்திக்குரிய ஒழுங்கு.

இவ்வளவுக்கும் கொரிந்து ஒரு முன்மாதிரியான சபையாக இருக்கவில்லை. கட்சிப் பிரிவினை இருந்தது. சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் நீதிமன்றம் ஏறினான். புறஜாதியாருக்குள்ளும் சொல்லப்படாத வேசித்தனம் என்று பவுல் எழுதும் அளவுக்கு ஒருவனுடைய நடத்தை இருந்தது. இவர்களுக்கு எழுதும் நிருபத்தைத்தான், பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள் என்று விளித்துப் பவுல் தொடங்குகிறார். அவர் குற்றத்தை மூடி மறைக்கவும் இல்லை. அந்த ஒருவனைச் சபையிலிருந்து விலக்கும்படி ஐந்தாம் அதிகாரத்தில் கடுமையாகவே எழுதினார். ஆனால் அவனைக் குறித்ததாகவே பலரும் கருதும் பகுதி இரண்டாம் நிருபத்தில் வருகிறது: இந்தத் தண்டனையே போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள். முதல் கடிதத்தைச் சேகர (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) கமிட்டிகளில் மேற்கோள் காட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் கடிதம் அங்கே அவ்வளவாக வாசிக்கப்படுவதில்லை.

சபையின் வரலாற்றில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த காலம் மூன்றாம் நூற்றாண்டு. ரோமப் பேரரசன் டீசியஸ் கி.பி. 250ஐ ஒட்டி, பேரரசின் குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டுப் படையலை உண்டேன், சான்று அளிக்கும்படி வேண்டுகிறேன் என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் அது. எகிப்தில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் இன்றும் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்கும் மரணத்துக்கும் போனார்கள். ஆனால் மிகப் பலர் போய்ப் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலேயே அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 251இல் டீசியஸ் போரில் இறந்து, உபத்திரவம் தணிந்தபோது, விழுந்துபோன இந்தப் பெருங்கூட்டம் அழுதுகொண்டு கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தது.

ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர், இவர்களுக்குச் சபையில் இனி இடமில்லை, கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும் என்ற நிலையை எடுத்துத் தனிச் சபையே அமைத்தார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயரான (பிஷப்பான) சிப்ரியன் அந்தப் பக்கம் போகவில்லை. அதே சமயம் கேட்டவுடன் கதவைத் திறந்துவிடவும் இல்லை. 251இல் கூடிய ஆயர் மன்றம், சான்றிதழ் வாங்கியவர்களின் நிலையை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், பலியே இட்டவர்கள் நெடுங்காலம் மனம்வருந்தி நிற்கவும், மரணத் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் வழங்கி மீண்டும் சபையில் சேர்க்கவும் முடிவு செய்தது. ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் உபத்திரவம் வரும் அறிகுறிகள் தெரிந்தன. அப்போது சிப்ரியனும் உடன் ஆயர்களும் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆபத்து வருகிறது, வேலியை உயர்த்துவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. மனம்வருந்தி நின்ற அனைவரையும் உடனே திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம் இது: கிறிஸ்துவின் இரத்தத்தை இவர்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டு, கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்துங்கள் என்று எந்த முகத்தோடு இவர்களிடம் கேட்போம்?

இந்த வாதத்தில் நம் வழக்கமான சிந்தனை முழுவதும் புரண்டுவிடுகிறது. உறுதியாக நின்று காட்டியவனுக்குப் பரிசாகப் பந்தி என்பது நம் எண்ணம். நிற்க முடியாதவன் நிற்பதற்குப் பலம் பெறும் இடமே பந்தி என்றார் சிப்ரியன். இதைச் சொன்னவர் எந்த விலையும் கொடுக்காதவர் அல்லர். டீசியஸ் காலத்தில் தலைமறைவாக இருந்து சபையை நடத்தியதற்காகக் கோழை என்ற பழியைச் சுமந்த அவர், 258 செப்டம்பரில் கார்த்தேஜில் வாளுக்குத் தலைகொடுத்து இரத்தசாட்சியானார்.

அதே வட ஆப்பிரிக்காவில் அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தச் சண்டை வேறு உருவில் திரும்பி வந்தது. 303இல் தொடங்கிய டயக்ளீஷியன் காலத்து உபத்திரவத்தில் வேதப்புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமார்கள் கறைபட்டவர்கள், அவர்கள் கைபட்ட அபிஷேகமும் ஞானஸ்நானமும் செல்லாது என்று ஒரு பகுதியினர் பிரிந்து, டொனாட்டஸ் என்பவரின் தலைமையில் தூய சபையாகத் தங்களை நிறுவிக்கொண்டார்கள். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் ஏறக்குறைய 280 ஆயர்கள் வீதம் நேருக்கு நேர் வாதிட்டபோது, ஒரே நிலத்தில் கோதுமையோடு களைகளும் முளைத்ததைச் சொல்லும் இயேசுவின் உவமையும் வாதப்பொருளாயிற்று. "இரண்டையும் அறுப்புமட்டும் வளரவிடுங்கள்" என்று வீட்டெஜமான் சொன்னதை, ஹிப்போ நகர ஆயரான அகஸ்டினின் தரப்பு எடுத்துக்காட்டியது. நிலம் உலகம் என்றுதானே இயேசுவே விளக்கம் சொன்னார், சபை என்று சொல்லவில்லையே என்று டொனாட்டியர் மடக்கினார்கள். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய எதிர்வாதம் அல்ல. ஆயினும் களை பிடுங்க அவசரப்பட்ட வேலைக்காரரை எஜமான் தடுத்ததற்குச் சொன்ன காரணம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது: பிடுங்கும்போது கோதுமையும் வேரோடு வந்துவிடும். களையை அடையாளம் காணும் கண் வேலைக்காரருக்கு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். டொனாட்டியரை அடக்க அரசின் கட்டாயத்தை அகஸ்டினே ஆதரித்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். களைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னவர், தன் எதிராளிகளைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவரும் திருச்சபையின் ஆசிரியர்தான்.

அந்தக் கண் நமக்கும் இல்லை என்பதற்கு நம் தமிழ்ச் சபைகளின் கதையே சாட்சி. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில், சாதிக்கொரு பக்கமாகக் கத்தோலிக்கக் கோயிலை இரண்டாகப் பிரித்துச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கத்தோலிக்கரின் கதை என்று சீர்திருத்தச் சபையார் தப்பிக்க முடியாது. சாதி வேற்றுமையைச் சபையில் அறவே கைவிட வேண்டும் என்று 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திரளானவர்கள் சபையை விட்டே விலகினார்கள். பவுல் அபாத்திரம் என்று எழுதிய அதே குற்றம், ஒரே பந்தியில் சகோதரனை வெட்கப்படுத்தும் குற்றம், தலைமுறை தலைமுறையாகப் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தது. அதைச் செய்தவர்களை யாரும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பவில்லை. ஆனால் குடித்துவிட்டு வீதியில் விழுந்தவன், வேற்று மதத்தில் திருமணம் செய்துகொண்ட பெண், கணவனைப் பிரிந்து வந்தவள் ஆகியோர் அந்தக் காலத்திலும் சரி, இன்றும் பல ஊர்களிலும் சரி, தலை நிமிர முடியாமல் கோயிலுக்கு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பாவத்தை எண்ணும் பழக்கம் நமக்கு நன்றாக இருக்கிறது. வரதட்சணைப் பேரம், பக்கத்து நிலத்தின் வேலியை நகர்த்துவது, திருமண்டல (டயோசிஸ்) தேர்தல் வந்தால் எடுக்கும் அவதாரங்கள் இவையெல்லாம் எந்த ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலிலும் வருவதில்லை.

எங்கள் சபையில் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று தெரியும்படி எதையும் எழுதப்போவதில்லை. பல ஆண்டுகளாகக் குடியோடு போராடுகிறவர். சில மாதங்கள் தெளிவாக இருப்பார், பிறகு விழுவார், மறுபடி எழுவார். சபையில் ஒரு மரணம் என்றால் இரவோடு இரவாக முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஐஸ் பெட்டிக்கு மின்கம்பி இழுப்பது, துக்க வீட்டாருக்குத் தெரியாமலேயே பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்புவது, கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டுகிறவர்களோடு விடியும் முன்பே போய் நிற்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது அதுவல்ல. நல்ல வேலைக்காரர் என்பதற்காகச் சகித்துக்கொள்வது சபையின் முறையாக இருக்கக் கூடாது. எங்கள் வாலிபர் ஒருவர் குடியை விட முயன்ற முதல் வாரங்களில், வேலை முடிந்து டாஸ்மாக் கடையைக் கடந்து வரவேண்டிய அந்த மாலை நேரத்தில், இவர் தினமும் பேருந்து நிறுத்தத்தில் போய்க் காத்திருந்து அவரோடு நடந்து வந்தார். எந்த நேரம் ஆபத்தான நேரம், எந்தத் திருப்பத்தில் கால் தானாக மாறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்களில் ஒருபோதும் குடிக்காத ஒருவருக்கும் அது தெரியாது. அந்த வாலிபருக்காக உபவாச ஜெபம் ஏறெடுத்த நாங்கள் ஒருவரும் பேருந்து நிறுத்தத்துக்குப் போக நினைக்கவில்லை.

இந்த உண்மையைச் சபைக்கு வெளியே பலர் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தில் உறுப்பினராவதற்கு ஒரே தேவை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே. விட்டுவிட்டு வா என்று அது சொல்வதில்லை. ஒரு கிறிஸ்தவக் குழுவின் தாக்கத்திலிருந்துதான் அந்த இயக்கமும் பிறந்தது. இன்று எத்தனையோ ஊர்களில் அவர்களுடைய கூட்டம் கோயில் வளாகத்து அறையில் நடக்கிறது. அதே வளாகத்தின் கோயிலுக்குள் நுழைய அதே மனிதர் தயங்கி நிற்கிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எழுதுகிறதையே கேடயமாகப் பிடிக்கக்கூடியவர்கள் உண்டு. பலவீனன் ஒருவன் விழுவது வேறு. பலவீனர்களைப் பலமுள்ளவன் வேட்டையாடுவது வேறு. சிறுபிள்ளையிடம் தவறாக நடந்தவரை, காணிக்கைப் பணத்தைக் கையாடியவரை, மனைவியை அடிப்பவரை, "யார்தான் பாவி இல்லை" என்று சொல்லி அதே பதவியில் வைத்திருப்பது கிருபையே ஆகாது. மனம்வருந்துகிறவருக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் மன்னிப்பு பெற்றவருக்குச் சாவிக்கொத்தையும் ஞாயிறு பள்ளி வகுப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். குருவானவர் அறையில் ஜெபித்து முடித்துவிடுவது அதற்கு ஈடாகாது. காயப்பட்டவர் கோயிலுக்கு வரப் பயப்படும்படி காயப்படுத்தியவரை முன்வரிசையில் உட்காரவைத்தால், அந்தச் சபை ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒருவரை வெளியேற்றியிருக்கிறது. சிப்ரியன் விசாரித்தார், காத்திருக்கச் சொன்னார், காலம் வைத்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சேர்ந்து வாழ்வதென்பது கண்டிப்பை விட்டுவிடுவதும் அல்ல. இயேசுவை மூன்று முறை மறுதலித்து, பின்பு மன்னிக்கப்பட்டு, "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்ற கட்டளையும் பெற்ற பேதுரு, அந்தியோகியாவில் மறுபடியும் தவறினார். யூதரல்லாத புறஜாதிச் சகோதரரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் அவரை எதிர்த்தார். கலாத்தியர் நிருபத்தில் இதை வாசிக்கும்போது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகும் பேதுரு அப்போஸ்தலராகவே இருக்கிறார். தவறைச் சொல்லாமல் விட்டால் உறவு காப்பாற்றப்படும் என்றும், சொல்லிவிட்டால் முறிந்துவிடும் என்றும் நம் குடும்பங்களில் நினைப்பதுபோலவே சபைகளிலும் நினைக்கிறோம். இருவரும் ஒரே கர்த்தருக்குரியவர்கள் என்பது முதலிலேயே முடிவாகிவிட்ட காரியமாக இருந்ததால்தான் பவுலால் அவ்வளவு வெளிப்படையாகப் பேச முடிந்தது.

எங்கள் சேகரத்தில் இப்போது, ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து (தவக்) காலத்துக்கான ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. உபவாசக் கூட்டங்களுக்கு யாரைப் பிரசங்கியாராக அழைப்பது என்பதிலேயே கமிட்டியின் நேரம் போய்விடும். இந்த ஆண்டு வேறொன்றைக் கேட்டிருக்கிறேன். நீண்ட நாளாகத் திருவிருந்தில் பங்குபெறாதவர்களின் வீடுகளுக்குக் குருவானவரும் கமிட்டியாரும் போக வேண்டும்; பாக்கிச் சந்தாவைப் பற்றியோ பண்டிகை வரியைப் பற்றியோ அங்கே பேசக் கூடாது; ஏன் வரவில்லை என்று விசாரணை செய்யாமல், அவர்கள் பேச விரும்புவதைக் கேட்டு, ஜெபித்து, உங்கள் இடம் உங்களுக்காகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் வைக்கப்பட்டு, ஏன் வைக்கப்பட்டார்கள் என்பதே மறந்துபோனவர்களின் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவரையும் திரும்பச் சேர்ப்பதற்கான நாளைக் குறிக்க வேண்டும். அவர்களுக்கு எதிராக யாருக்காவது உண்மையான முறைப்பாடு இருந்தால் அதையும் அப்போதே எழுத்தில் வாங்கி விசாரிக்க வேண்டும். பெரிய வியாழன் திருவிருந்துக்கு முன்பாக இது முடிய வேண்டும் என்று எழுத்துமூலம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். என் தெருவிலேயே நான்கு வீடுகள் அந்தக் கணக்கில் வருகின்றன. கமிட்டி முடிவெடுக்கும் வரை காத்திராமல் அந்த வீடுகளுக்கு இந்த வாரமே போகிறேன்.